தெய்வானை விடாமல் பிடித்த லைன்

போன வெள்ளிக்கிழமை காலை கோத்தகிரியிலிருந்து தெய்வானையின் மகள் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. என் வாய் அப்படித்தான் சொன்னது. குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். எத்தனையோ வீட்டுச் சாவுச் செய்திகள் போர்டில் நான் செருகிய வயர் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஆனாலும் இந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. போன் மறுபடியும் அடித்தது. அதே பெண், அதே அழுகை.

முந்தின நாள் சாயங்காலம்தான் தெய்வானை என்னோடு பேசினாள். முட்டிக்குத் தைலம் தேய்த்தாயா என்று அதட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மாற்றக் குன்னூருக்கு வருவதாகவும், மதியச் சாப்பாடு என் வீட்டில்தான் என்றும், பீன்ஸ் பொரியல் மட்டும் வைக்காதே என்றும் சொன்னாள். அப்படிச் சொன்னவள் விடிந்ததும் தண்ணீர் பிடிக்கப் போய்க் குழாயடியில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அவளோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் நான் சொல்லத்தான் வேண்டும், சொன்னாலாவது எனக்கு நம்பிக்கை வருமா என்று பார்க்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இருவரும் தமிழில் படித்தவர்கள். அந்தக் காலத்தில் வெளியூர் டிரங்க் காலுக்கு மைசூர் ஆபரேட்டரும் கோழிக்கோட்டு ஆபரேட்டரும் நாங்களும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஆங்கிலம் அங்கே செல்லுபடியாகவில்லை. "ஹோல்ட் ஆன்", "கோ அஹெட்", "ஸ்பீக் அப்", "ஐ வில் புட் யூ த்ரூ" என்று எல்லாமே சின்னச் சின்ன வார்த்தைகள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை, இரண்டைச் சேர்த்தால் எங்களுக்கு விழி பிதுங்கியது. "பெரிய வார்த்தையெல்லாம் மழைச் சத்தத்துல காணாமப் போயிருது புள்ள, இந்தச் சின்னதுக ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு எப்படியோ போய்ச் சேந்துருது" என்பாள் தெய்வானை.

அவற்றைப் படிக்க அவள் வைத்திருந்த வழி ஒன்றே ஒன்றுதான். வீட்டிலும் பஸ்ஸிலும் சந்தையிலும் எது நடந்தாலும் அதை அந்த வார்த்தைகளில் சொல்லிவிட வேண்டும். கேரட் விலை "கோன் அப்". முட்டைக்கோஸ் விலை "கம் டௌன்". கோத்தகிரி பஸ் வளைவில் நின்றுபோனால் "ப்ரோக்கன் டௌன்" என்று உரக்கச் சொல்வாள். "ஏனுங்க அம்மிணி, இங்கிலீஸ்ல சொன்னா வண்டி கெளம்பிருங்களா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார். பஸ்ஸே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அவளுடைய அண்ணன் பழனிச்சாமி காய்கறி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியவர் அவர்தான். கோத்தகிரியில் அண்ணன் வீட்டில்தான் அவள் இருந்தாள். ஒருநாள் தீயைக் குறைக்க அண்ணியிடம் அடுப்பை "டர்ன் டௌன்" பண்ணச் சொல்லியிருக்கிறாள். "வெறகடுப்புல எதைடி திருகறது?" என்று அண்ணி கரண்டியை ஓங்கினாராம். மறுநாள் எக்ஸ்சேஞ்சில் அதைச் சொல்லிவிட்டு, "'புட்'டுக்குப் பின்னால 'ஆஃப்' வந்தா தள்ளிப் போடறது, 'அவுட்' வந்தா அணைக்கறது, 'அவே' வந்தா எடுத்து வெக்கறது, 'அப் வித்' வந்தா பொறுத்துக்கறது. பொழுது விடிஞ்சா பொழுது போனா எங்கண்ணி இதைத்தானே புள்ள பண்றாங்க?" என்றாள். எனக்கு அன்று படிந்த பாடம் இன்று வரை மறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாது. அவள் உயிரோடு இருந்தவரை சொல்ல விட்டதில்லை.

ஐப்பசி மழை. பிற்பகல். கோத்தகிரி ஆஸ்பத்திரியிலிருந்து கோயம்புத்தூர் சர்ஜன் ஒருவருக்கு அவசர கால் வந்தது, தெய்வானை இணைப்புக் கொடுத்தாள். கோத்தகிரி டாக்டரம்மா கேரளத்துக்காரர், சர்ஜன் வடக்கே எங்கேயோ பிறந்தவர். இருவரும் ஆங்கிலத்தில் கத்துகிறார்கள், மழையில் ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டவில்லை. நடுவில் இருந்த எங்கள் போர்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது. அப்படி நேர்ந்தால் ஆபரேட்டர் ஒரு பக்கம் சொல்வதைக் கேட்டு மறு பக்கத்துக்கு அப்படியே திருப்பிச் சொல்வது வழக்கம். "ஐ வில் பாஸ் இட் ஆன், டாக்டர். கோ அஹெட்" என்று தெய்வானை தொடங்கினாள்.

நான் அடுத்த போர்டில் இருந்தேன். அவள் சொல்வது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. பேஷண்ட் லாரி டிரைவர், பெயர் பழனிச்சாமி. வளைவில் லாரி உருண்டுவிட்டது. "ஹி ஹேஸ் பாஸ்ட் அவுட்." மயங்கிக் கிடக்கிறார். "ஹேஸ் ஹி கம் ரௌண்ட்?" நினைவு திரும்பியதா என்று சர்ஜன் கேட்டதைக் கோத்தகிரிக்குச் சொன்னாள். "நோ டாக்டர், ஹி ஹேஸ் நாட் கம் ரௌண்ட்." அந்தப் பக்கத்துப் பதிலை இந்தப் பக்கம் சொன்னாள். பல்ஸ் இறங்குகிறது என்றாள். "டோன்ட் பிரிங் ஹிம் டௌன்" என்றாள். மலையிறக்கிக் கொண்டுவராதீர்கள், வழியிலேயே உயிர் போய்விடும் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். பிறகு ரத்தம் எவ்வளவு ஏற்றுவது, காலை எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் "ஹி வில் கம் அப், டாக்டர். ஹி இஸ் செட்டிங் அவுட் நௌ" என்றாள். சர்ஜனே புறப்பட்டு மலையேறி வருகிறார்.

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. கொங்குப் பக்கத்தில் எத்தனை பழனிச்சாமி இல்லை? நான் என் போர்டில் இன்னொருவருக்கு ஊட்டி லைன் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர்கள் போனை வைக்கும் நேரம் கோத்தகிரியில் அதை வேறு யாரோ வாங்கினார்கள் போலிருக்கிறது. தெய்வானை ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக் கேட்டாள். பிறகு "அண்ணி" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அண்ணி சொன்னதை அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஏனுங்க, கோயமுத்தூர் டாக்டரு என்னங்க சொல்றாரு?" என்று யாரோ ஆபீஸ்காரியைக் கேட்பதுபோல் கேட்டாராம். இவள் "அண்ணி" என்றதும், "தெய்வானயா? இத்தன நேரமும் நீயாடி பேசுன?" என்று அலறினாராம். என் கண்ணுக்குத் தெரிந்தது, தெய்வானை ஹெட்செட்டைக் கழற்றாமலேயே போர்டின் மேல் கவிழ்ந்தது மட்டும்தான்.

எப்படி முடிந்தது உன்னால் என்று பின்னொரு நாள் கேட்டேன். "எங்கண்ணனுக்கு நெனப்பு வந்துச்சான்னு என் வாயால கேக்க முடியுமா புள்ள? 'ஹேஸ் ஹி கம் ரௌண்ட்'டுன்னா அது யாரோ ஒருத்தரு. யாரோ ஒருத்தருக்குச் செய்யற வேலையத்தான் செஞ்சேன். அண்ணி குரலைக் கேட்டப்பறந்தான் அது எங்கூட்டு ஆளாச்சு" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

பழனிச்சாமி அண்ணன் பிழைத்தார். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். எண்பதைத் தாண்டிவிட்ட அவரை வெள்ளிக்கிழமை கோத்தகிரியில் பார்த்தேன். தங்கையின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "குன்னூர்ல இருந்துக்கிட்டு என்னைய உடாமப் புடிச்சு நிறுத்துனாளுங்க. நான் பக்கத்தூட்லதான் இருந்தேன். அவ உழுந்த சத்தங்கூட எனக்குக் கேக்கலீங்க" என்றார்.

அவர் கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தெய்வானையின் ஆங்கிலத்தை நீங்கள் எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது, வேலையை முழுசாக முடித்துவிட்டு அன்று அவள் சொன்ன "அண்ணி" என்கிற அந்த ஒரு சொல்லைத்தான்.