வாய்க்காலுக்குப் போன தாங்கி

என் மெக்கானிக் வேலைக் குறிப்பேட்டில் அந்தத் திங்கட்கிழமைக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: பத்து நாற்பதுக்கு வேலையை நிறுத்தினேன். மெக்கானிக் தாமதப்படுத்திவிட்டதாக ஆலை முதலாளி பிறகு ஊரெல்லாம் சொன்னார். தாமதம் இல்லை, நிறுத்தினேன். இரண்டும் ஒன்றல்ல.

அவிநாசிப் பக்கம் ஒரு கல் உடைக்கும் ஆலை. ஜல்லி அள்ளும் லோடரில் வாளியைக் கவிழ்க்கும் ஆயில் ஹோஸ் கிழிந்திருந்தது. வாளியைத் தாங்கும் இரும்புக் கைகளை உயரத் தூக்கி நிறுத்தினால்தான் அந்த இடத்துக்குள் தலை நுழையும். தூக்கிய கைகளை ஆயில் அழுத்தம் மட்டுமே பிடித்திருக்கும். அதை நம்பிக் கீழே போகக் கூடாது என்பதற்காகவே வண்டியோடு ஒரு தாங்கி வரும். இரண்டரை அடி நீளம், சிவப்புப் பூச்சு, மூன்று பக்கம் அடைத்த கனத்த இரும்பு. கைகளைத் தூக்கும் சிலிண்டர் தண்டின் மேல் அதை மாட்டிவிட்டால் கைகள் இறங்க முடியாது.

லோடர் ஓட்டுநரிடம் கைகளைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். தாங்கி இருக்க வேண்டிய இடம் காலி.

"தாங்கி எங்க தம்பி?"

ஓட்டுநர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வரிசையில் நின்ற டிப்பர் லாரிகளைப் பார்த்தார்.

"தோட்டத்துல இருக்குதுங்க அண்ணா. போர்வெல் தண்ணி விழுந்து வாய்க்கா கரை அரிக்குதுன்னு ஐயா அங்க வெச்சுப்போட்டாருங்க."

எங்கள் பக்கம் இரும்பு சும்மா கிடந்தால் யாருக்கும் பொறுக்காது. வண்டி அச்சு வேலிக் கம்பமாகும், டிராக்டர் டயர் மாட்டுத் தொட்டியாகும். நானும் அப்படி வளர்ந்தவன்தான். குழாய்த் தண்ணீரை வாய்க்காலுக்குக் கொண்டுபோக அளவெடுத்துச் செய்தது போல அது பொருந்தியிருக்கும்.

"ரெண்டு நிமிச வேலைக்கு அதெதுக்குங்க?" என்றார் முதலாளி. "தென்னந்துண்டு ரெண்டு அடுக்கி முட்டுக் குடுத்தாப் போச்சு."

"அடுக்கிப்போட்டு நீங்க உள்ள போங்க. நான் வெளிய நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கறனுங்க."

ஜல்லிக்கு நின்ற டிப்பர்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் இறுகியது. "பயப்படாத மெக்கானிக்கு இந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லீங்களா?"

"இருந்தாங்க. இப்ப இல்லீங்க."

அதற்குள் ஓட்டுநர் மண்டி போட்டுவிட்டார். "நான் ஒல்லியாத்தான இருக்கறேன், நுழைஞ்சு கழட்டிப்போடறனுங்க அண்ணா."

எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கழுத்தைக் கொடுக்கிறார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். இன்ஜினை நிறுத்தி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். டேப்பின் ஒரு முனையை முதலாளி கையில் கொடுத்து, வாளி விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அவரையே படிக்கச் சொன்னேன். ஆறடி இரண்டு அங்குலம். ஓட்டுநரைத் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

"தென்னைக்குத் தண்ணி ஓடிட்டிருக்குதுங்க!" என்று முதலாளி கத்தினார்.

"ஓடட்டுமுங்க."

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தாங்கி பைக்கில் வந்தது, பாசி பிடித்து, ஈரம் சொட்ட. அதை மாட்டுவதற்கு முன் மறுபடி டேப்பை நீட்டினேன். ஐந்தடி பதினொன்று. வண்டியை யாரும் தொட்டிருக்கவில்லை.

முதலாளி இரண்டு முறை படித்துப் பார்த்தார். "மூணு அங்குலந்தானுங்களே," என்றார். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது.

"எங்கழுத்து இருக்கற எடத்துல மூணு அங்குலமுங்க."

சாவியை ஓட்டுநரிடம் கொடுத்துக் கைகளை மறுபடி முழுக்கத் தூக்க வைத்து, பாசியைத் துடைத்துத் தாங்கியை மாட்டி, உள்ளே போனேன். வேலை இருபது நிமிடம் பிடித்தது. இரண்டல்ல.

வெளியே வந்ததும் முதலாளி கை நீட்டினார். "முடிஞ்சுதில்லீங்க, அதக் கழட்டிக் குடுங்க. தோட்டத்துல தண்ணி பாழாப் போகுது."

கழற்றினேன். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. வண்டியில் அதற்குரிய இடத்தில் வைத்து, போல்ட்டை முறுக்கி, வெறும் ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி சுத்தியலால் அதன் முனையை நசுக்கிவிட்டேன். ஓட்டுநரிடம் மட்டும் அதைத் தட்டிக் கழற்றும் விதத்தைக் காட்டினேன்.

"தோட்டத்துக்கு ஒரு குழாய் வாங்கிக்கோங்க."

"இனி உங்களக் கூப்பிட மாட்டனுங்க."

"கூப்பிடாதீங்க. கூப்பிட்டா, மொதல்ல இது இருக்குதான்னு பாத்துட்டுத்தான் குனிவேன்."