எச் எடுக்க ஏற்ற டயர்

கஞ்சிக்கோட்டில் ஒரு டயர் கடையில் இன்று என் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் கேட்டேன். தினமும் ஆபீஸுக்கும் ஓட வேண்டும், ஞாயிறு ஆட்டோகிராஸ் பந்தயத்தில் வழுக்கவும் கூடாது.

“அதென்ன பந்தயமுங்க?” என்றார் கடைக்காரர்.

“மைதானத்துல கோன் வெச்சிருப்பாங்க. இடிக்காம வளைச்சு வளைச்சு ஓட்டோணும்.”

அவர் முகம் இளகியது. குரலைத் தாழ்த்தினார்.

“லைசென்ஸ் டெஸ்ட்டுல கம்பி நட்டு, ‘எச்’ எழுத்தாட்டம் வண்டிய வளைச்சு எச் எடுக்கச் சொல்வாங்களே, அதுங்களா? எத்தன தடவ தோத்தீங்க?”

“லைசென்ஸ் வாங்கிப் பன்னெண்டு வருசமாச்சுங்க.”

“அப்பறம் எதுக்குங்க மறுபடியும்?”

நல்ல பிடிப்புள்ள டயராக மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் பின்னால் வந்த லாரிகள் மரியாதையாக ஒதுங்கின. டயரின் மகிமை என்று நினைத்தேன்.

ஆபீஸில் இறங்கிப் பார்த்தால், பின்கண்ணாடியில் புத்தம்புதிய சிவப்பு ‘எல்’ ஸ்டிக்கர்.

ஞாயிறுக்குள் கிழித்துவிடவா, இல்லை கோன்களும் ஒதுங்குமா?