கப்பி மீனுக்கு வைத்த பத்தியம்

தான் பெற்ற குஞ்சைத் தாய்மீன் ஏன் விழுங்குகிறது? பசியா, தன் பிள்ளை என்று தெரியாததா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

யப்பான்காரர் காலம். மலாயாவில், பொந்தியானில் ஒரு வரிசை வீட்டில் நானும் கணவரும் கைக்குழந்தையும் கணவரின் அக்காவும் இருந்தோம். அவரை நான் அண்ணி என்பேன். சண்டைக்கு முன்பு, கொசு வராமலிருக்க வாய்க்கால்களில் எண்ணெய் தெளிக்க ஆள் வருவார்கள். அது நின்றுபோனது. குளிர்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரையும் கிடைக்கவில்லை. என் மகளுக்கு இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்து போயிருந்தது. இன்னொரு முறை வந்தால் தாங்குவாளா என்ற பயத்தில், குளிக்கும் தொட்டியை எட்டி எட்டிப் பார்ப்பேன். துணியால் எவ்வளவு வடித்தாலும் கொசுப்புழு நெளியும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் கொட்டிவிடவும் முடியாது.

ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா சிரட்டையில் ஒரு மீனோடு வந்தார். "இனி இக்கான் மாக்கான் ஜெந்தெக்," என்று மலாயில் சொல்லி, தொட்டியில் நெளிந்த புழுக்களைக் காட்டினார். இந்த மீன் புழுவைத் தின்னும் என்கிறார். கப்பி மீன்! வயிறு புடைத்திருந்தது, வாலை ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு. "புந்திங்," என்று தன் வயிற்றைத் தடவிச் சிரித்தார்.

கர்ப்பிணி! குஞ்சுகள் பிழைத்தால் தொட்டிக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் மீன் கிடைத்துவிடும். அவளைத் தனியாக ஒரு மண்தாழியில் விட்டேன். வெயில் அதிகமோ என்று நிழலுக்கு நகர்த்துவேன், குளிர்ச்சியோ என்று மறுபடி வெயிலுக்கு இழுப்பேன். வயிறு பெருத்துச் சதுரமாகவே ஆகிவிட்டது.

ஒரு காலை எட்டிப் பார்த்தபோது, சுருண்ட கடுகு மாதிரி ஒன்று கீழே விழுந்து, சட்டென்று நிமிர்ந்து நீந்தியது. கண்ணும் வாலும் மட்டுமே உள்ள பிள்ளை! பின்னாலேயே இன்னொன்று!

"அண்ணி, ஓடி வாங்க! பிள்ளை பிறக்குது!"

அவர் அகப்பையோடு ஓடி வந்தார். "யாருக்குடி?"

"மீனுக்கு!"

"அலமாக்! என் உசுரே போயிடுச்சு. தெருவுல யாருக்கோன்னு நெனச்சேன்."

ஆனால் தாழியை விட்டு அவரும் நகரவில்லை. நான் கொசுப்புழுவை அள்ளிப் போடப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த வயிறு. இன்னிக்கு ஒண்ணும் போடாதே. உனக்கு நான் எப்படிப் பத்தியம் பார்த்தேன்?"

என் பிரசவத்தைப் பார்த்தவர் அவர். படித்த எனக்கும் அது சரியாகவே பட்டது. மீனுக்குப் பத்தியம் வைத்தோம்.

மத்தியானம் குஞ்சுகள் குறைந்திருந்தன. பொழுது சாயும்போது ஒன்றுகூட இல்லை. தாய் மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் தேம்பினேன். அண்ணி தாழிக்குள் முறைத்தார். "பத்தியம் மனுஷிக்குத்தான். இது ராட்சசி லா!"

சில வாரங்களில் கறுப்புத் திட்டு மறுபடியும் தெரிந்தது. தாழியில் ஆண்மீனே கிடையாது!

"எனக்குத் தெரியாம யாருடி வந்துட்டுப் போனது?" என்று அண்ணி தாழியிடமே கேட்டார். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். ஒரு முறை ஆணோடு சேர்ந்தாலே கப்பி பல முறை ஈனும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இந்த முறை வாய்க்காலிலிருந்து கியாம்பாங் கொண்டுவந்தேன். நீரில் மிதக்கும் செடி, வேர்கள் தாடிபோல் கீழே தொங்கும். அட்டை இருக்குமோ என்று அலசி அலசிப் போட்டேன். பத்தியம் கிடையாது. கொசுப்புழுவை அவள் திரும்பிப் பார்க்காத அளவுக்குக் கொடுத்தேன். பிறந்த குஞ்சுகள் வேருக்குள் பாய்ந்து ஒளிந்தன. பிரசவம் முடிந்ததும் தாயைச் சிரட்டையில் மொண்டு தொட்டிக்கு மாற்றினேன்.

குஞ்சுகளுக்கு நெத்திலிக் கருவாட்டை மாவாக இடித்து, விரல்நுனியால் தூவினேன்.

"மரவள்ளிக்கிழங்கைத் தொட்டுக்க எனக்கு ஒரு நெத்திலி இல்ல, இதுங்களுக்கு விருந்து!" என்பார் அண்ணி. இடித்துத் தந்ததும் அவர்தான்.

குஞ்சுகள் வளர்ந்தன! தொட்டியில் விட்டோம், பீப்பாயில் விட்டோம், கேட்டவர்களுக்கு எல்லாம் சிரட்டையில் கொடுத்தோம். தொட்டித் தண்ணீரில் ஒரு நெளிவும் இல்லை. மகளுக்கு மறுபடி காய்ச்சல் வரவில்லை. மீனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வரவில்லை.

சண்டை ஓய்ந்துவிட்டது. அந்த வம்சத்தில் ஒருத்திக்கு இப்போது வயிறு சதுரமாகியிருக்கிறது. மகள் தாழியைவிட்டு நகர மறுக்கிறாள். பிரசவத்துக்கு முன்பே தாயை மாற்றினால் மிரண்டுபோய்ச் செத்த குஞ்சுகளை ஈன்றுவிடுகிறாள். பின்பு மாற்றினால் முதலில் பிறந்தவற்றில் சிலவற்றை விழுங்கிவிடுகிறாள். கப்பி வளர்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்: நீங்கள் எப்போது மாற்றுவீர்கள்?