அவித்த மட்டி ஓடு

அந்தப் பேராசிரியர் மேடையில் வியர்த்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். பாவம் என்று சொல்ல மனம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

என் ஆய்வு மட்டிச் சிப்பியின் ஓட்டைப் பற்றியது. எங்கள் கற்பிட்டியின் கடல்நீர்க் களப்பில் கிடைக்கிற ஓடுகளை இயந்திரத்தில் வைத்து அழுத்துவேன். எவ்வளவு சுமைக்கு வளைகிறது, எங்கே வெடிக்கிறது என்று அளப்பேன். ஓடு எப்படி உடையும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரியுரு ஒன்றை அந்த அளவுகளை வைத்துக் கட்டினேன். நான் எடுக்கவிருந்த கலாநிதிப் பட்டம் முழுக்க அதன்மேல்தான் நின்றது. எல்லாம் முடிந்ததும், எனக்கு மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியர் கட்டுரையில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். போய்க் கேட்டேன்.

"நீர் ஓடுதானே பொறுக்கினீர்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

கொதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மாதாமாதம் ஓடு சேர்த்து எனக்குப் பஸ்ஸில் அனுப்பியவர் அவர்தான்.

"மனுசனா அவன்? நான் எவ்வளவு பாடுபட்டு அனுப்பின! பஸ்ஸில நாறினா ஆக்கள் ஏசுவாங்கண்டு ஒவ்வொரு மூட்டையையும் சோடாத் தூள் போட்டு மூணு தரம் அவிச்சுத்தானே தந்த, மகள்."

ஓட்டின் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவில் பசைபோல ஒரு மெல்லிய படலம் இருக்கும். ஓடு சட்டென்று நொறுங்காமல் காப்பது அதுதான். சோடாவில் அவித்தால் அது போய்விடும். நான் அளந்ததெல்லாம் பசை போன ஓட்டை. மாதிரியுரு முழுவதும் பிழை.

அழுகை வந்திருக்க வேண்டும், சிரிப்புத்தான் வந்தது. பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கொழும்பு மாநாட்டில் என் வரைபுகளை ஒவ்வொன்றாகத் தன்னுடையதாகக் காட்டினார். கேள்வி நேரத்தில் எழும்பினேன்.

"சேர், சோதிக்க முதல் இந்த ஓடுகளை என்ன செய்தது?"

"கழுவினது."

"சோடாவில அவிச்சது, சேர். பசை போன ஓடு. உங்கட மாதிரியுரு பச்சை ஓட்டுக்குப் பொருந்தாது."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கைக்குட்டையைத் தேடினார். எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைக்கவும் இல்லை.

வெளியே வந்து என்னை வழிமறித்தார்.

"உமக்குப் பைத்தியமா? உம்முடைய பட்டமும் இதே அளவுகளிலதானே நிக்குது?"

"ஓம் சேர். காலையிலேயே பட்ட ஆய்விலிருந்து விலகுற கடிதத்தைக் குடுத்திட்டுத்தான் உள்ள வந்த."