ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

தைராய்டு என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் உடனே, "எங்க சித்திக்கும் இருக்கு" என்பார். சித்திக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்திருக்கும். எனக்குப் பிறக்கும்போதே அந்தச் சுரப்பி வேலை செய்யவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம், "அப்படியா, சித்தியைக் கேட்டதா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

பிறந்து மூன்று மாதம் வரை யாருக்கும் சந்தேகமே வரவில்லையாம். நான் அழ மாட்டேனாம். பால் கொடுத்தால் குடிப்பேன், இல்லாவிட்டால் தூங்குவேன். மயிலாப்பூரில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் அத்தனை பேரும், "என்ன சமத்துக் குழந்தை!" என்று அம்மாவைப் பாராட்டியிருக்கிறார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா என் நாக்கையும் வயிற்றையும் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இந்த முப்பத்தெட்டு வயது வரை அதைத் தவறவிட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த மாத்திரையால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம். நான் என்ன சொதப்பினாலும் காரணம் தயார். கூப்பிட்டுத் திரும்பவில்லையா? "தைராய்டு இருக்குல்ல, அதான் மந்தம்." டிக்டேஷனில் பாதி வார்த்தை விட்டுப்போச்சா? "மாத்திரை போட்டியாடி?" டீச்சர் எங்களைப் பார்த்துப் பாடம் நடத்தும்போது எனக்குப் புரியும். போர்டு பக்கம் திரும்பிவிட்டால் ஒன்றும் புரியாது. ஏன் என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும் என்று நானே நம்பிவிட்டேன். பன்னிரண்டாவதுக்கு மேல், "எதுக்கு அதைப் போட்டுப் படுத்தணும்" என்று படிப்பை நிறுத்தினார்கள். அது என்றால் நான்.

ஆனால் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் மந்தம் இல்லை. முகூர்த்தப் பட்டு செக்‌ஷன். ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்து ஒரே சமயத்தில் பேசுவார்கள். காசு கொடுப்பவர் ஒருவர், கட்டப் போகிறவள் ஒருத்தி, முடிவு செய்வது யாரோ மூலையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அத்தை. அந்த அத்தை யார் என்பதை நான் முதல் புடவையை விரிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். அவள் உதட்டைச் சுழித்தால் அந்தப் புடவையை மடித்துவிடுவேன், வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லும்வரை காத்திருக்க மாட்டேன். மேனேஜர் அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். "இந்தப் பிள்ள கண்ணாலயே யாவாரம் பண்ணிருது, பாத்தியளா" என்று மற்றவர்களிடம் சொல்வார். பதினொரு வருடம் அந்த இடத்தில் ராணி மாதிரி நின்றேன். என் வாழ்க்கையில் நானாகச் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.

அப்புறம் மாஸ்க் காலம் வந்தது. திடீரென்று ஊரில் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டேன். அரக்கு கேட்டவர்களுக்குப் பச்சையை விரித்தேன். ஒரு பெண்மணி, "வேற ஆளை அனுப்புங்க, இதுக்கு ஒண்ணும் புரியல" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அண்ணாச்சி என்னைக் கீழே பேக்கிங்குக்கு அனுப்பினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்.

மாஸ்க் போயிற்று. யாரும் என்னை மேலே கூப்பிடவில்லை. நானே போய்க் கேட்டேன். "ஒனக்குத் தைராய்டு இருக்குல்லா தாயி, ஒடம்பு அசதியா இருக்கும். கீழயே உக்காந்து வேலையப் பாரு" என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாசமாகச் சொல்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது!

அடையாறில் தைராய்டு டாக்டரிடம் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பார்த்தேன். "ஆளுங்க பேசறது பிடிபட மாட்டேங்குது டாக்டர். வேலையே போயிடும்போல இருக்கு" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளைப் புரட்டினார். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா. ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும். அதே டோஸ் கன்டினியூ பண்ணுங்க." ஆறு மாதம் கழித்துப் போனேன். அதே நார்மல். அதே டோஸ். தாள் நார்மல், நான் நார்மல் இல்லையே ஐயா என்று மேஜையைத் தட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது. "தேங்க்யூ டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

கண்டுபிடித்தது பேக்கிங்கில் என்னோடு வேலை செய்த பட்டினப்பாக்கத்துக்காரி. ஒருநாள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாக்கா நீ! பின்னால நின்னு எவ்ளோ நேரமா கத்திக்கினு கீறேன், திரும்பவே மாட்ற. முன்னால வந்து நின்னா மட்டும் டக்கு டக்குன்னு பதில் சொல்ற. உனுக்கு மண்டைலாம் நல்லாத்தான் கீது. காதுதான்க்கா அவுட்டு."

அட, பாவி மனமே! எத்தனை டாக்டர், எத்தனை ரத்தம், எத்தனை ரிப்போர்ட். ஒருத்தராவது என் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார்களா?

அந்த வாரமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு காது பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் நான் அழுத்தவே இல்லை. பரிசோதித்த பெண் என்னை வெளியே அழைத்து நிதானமாகச் சொன்னாள்: "பிறவியிலேயே தைராய்டு இருக்கறவங்க சில பேருக்குக் காதும் பாதிச்சிருக்கும். உங்களுக்குச் சின்னதுலேர்ந்தே இருந்திருக்கணும். நீங்க இத்தனை வருஷமா உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க. மந்தம்னு யார் சொன்னது? கெட்டிக்காரத்தனம் இல்லாம இது முடியாது." ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லி இரண்டு காதுக்குப் பின்னாலும் மெஷினை மாட்டிவிட்டாள். மாட்டியதும் ஃபேன் சத்தம் தலைக்குள் கடகடவென்று ஓடியது.

அப்போது அந்தப் பெண் அம்மாவிடம், "சின்ன வயசுல காது டெஸ்ட் எதுவும் எடுக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எடுக்கச் சொன்னாங்கம்மா. ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்போ சீட்டுகூட எழுதிக் குடுத்தாங்க. நான்தான் கூட்டிட்டுப் போகலை. மாத்திரைன்னா வீட்டோட போயிடும், வெளியில தெரியாது. பொம்பளைப் பிள்ளை காதுல மெஷினை மாட்டிட்டு நின்னா எவன் கட்டுவான், நீயே சொல்லு?"

மெஷின் இல்லாமலேயே எவனும் கட்டவில்லை. மாத்திரை விஷயம் தெரிந்ததும் வந்த வரன்கள் திரும்பிப் போயின.

"எனக்குக் கேக்குதும்மா" என்றேன்.

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். பக்கத்தில் வந்தாள். என் முடியை இரண்டு பக்கமும் காதுக்கு மேல் இழுத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "இப்படி விட்டுக்கிட்டா தெரியாதில்ல?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை முடியை முழுக்க வாரித் தூக்கி உச்சியில் கொண்டை போட்டேன். கடையில் பேக்கிங் பக்கம் போகாமல் நேராகப் படியேறிப் பட்டு செக்‌ஷனில் போய் நின்றேன்.

"என்ன தாயி இது, காதுல?" என்றார் அண்ணாச்சி.

"மெஷின் அண்ணாச்சி. எனக்கு மந்தமும் இல்ல, அசதியும் இல்ல. காது கேக்காம இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னைக்கு முகூர்த்தத்துக்கு எடுக்க யாரு வர்றாங்க?"