அம்மாவுக்கு வைத்த பொட்டு

லோத்குண்டாவில் ராணுவ நிலத்தை ஒட்டி எங்கள் சந்து இருந்தது. பெரும்பாலும் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள். டெலிபோன் இலாகா, ரயில்வே என்று மாதச் சம்பளக்காரர்கள். சாலையை அகலப்படுத்தி வட்டாரத்தை அழகாக்கப் போகிறோம் என்று சந்திலிருந்த வீடுகளை இடித்தார்கள். அகலமாக்கிய இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. காரில் வந்தவர்கள் எதிர்க் கடையில் ஒரே காப்பியை ஒரு மணி நேரம் குடிக்கிறார்கள். எங்களுக்கு நகரத்தின் வேறொரு மூலையில், உப்பலில், எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். லிஃப்ட் ஓடுகிற நாட்களில் நல்ல வீடுதான்.

சந்து முனையில் ஒரு நீளமான மதிலை மட்டும் விட்டுவைத்தார்கள். அதில் இந்த வட்டாரத்து மக்களைப் பெரிதாக வரையப் போகிறார்களாம். மக்களைத் துரத்திவிட்டு மக்களின் படம். இப்படி யோசிக்கிற மூளைக்குச் சம்பளமும் கொடுத்திருப்பார்கள்.

இடிப்பதற்கு முன்பே, கொண்டை போட்ட ஓர் இளம் ஓவியன் கேமராவோடு வந்து அம்மாவைப் படம் எடுத்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் அம்மா. அவனுக்கு டீயும் கேக்கும் கொடுத்தாள். கேக்கைத் தின்றுவிட்டு, இடுப்பில் பித்தளைக் குடம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். வீட்டில் குக்கர்தான் இருந்தது. "நக்கோ பாபு", வேண்டாம் தம்பி என்று அம்மா அதோடு முடித்துவிட்டாள்.

மதிலில் அம்மா நிற்கிறாள் என்று வேதக்கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கத்து வீட்டக்கா சொன்னாள். அவர்கள் இப்போது ஹப்சிகுடாவில் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் நேராக அங்கே போனோம்.

முகம் அச்சு அசல் அம்மாதான். இடுப்பில் குடம், தலை நிறைய மல்லிகை, மூக்குத்தி, பின்னால் ஒரு கோபுரம். நெற்றியில் தட்டளவு சிவப்புப் பொட்டு. அம்மா கல்யாணத்தன்றுகூடப் பொட்டு வைத்தவளில்லை. வைக்கிறவர்களை ஒரு வார்த்தை சொன்னவளுமில்லை. அவள் வழக்கம் அப்படி, அவ்வளவுதான்.

"ஏட்டி, நா என்னைக்குட்டி பொட்டு வச்சேன்? நா செத்துப் பெட்டியில கெடக்கையிலயும் இப்படித்தான் வச்சுவிடுவானுவளோ?"

காப்பிக் கோப்பையோடு நின்ற ஒரு பெண், மதிலோடு செல்ஃபி எடுப்பதற்காக, "ஆண்ட்டி, தோடா சைட்மே" என்றாள். மதிலில் இருப்பவளிடமே தள்ளி நிற்கச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா தள்ளி நின்றாள்.

ஓவியனுக்கு போன் செய்தேன். படத்தில் இருப்பது தனிமனுஷி இல்லையாம், தமிழ்ச் சமூகத்தின் சாரமாம். சாரத்தைப் பிழிந்துகொண்டு சக்கையை உப்பலில் கொட்டியிருக்கிறார்கள் போல. அவனுடைய கொண்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மாற்றுவதென்றால் வார்டு ஆபீஸில் சொல்ல வேண்டும் என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் போனோம். வேறு எதுவும் வேண்டாம், பொட்டை மட்டும் அழித்தால் போதும் என்று அதிகாரியிடம் அம்மா தெலுங்கில் கெஞ்சினாள். எக்ஸ்சேஞ்சையே அதட்டி வேலை வாங்கியவள் அவள். அவர் ஆதாரை வாங்கிப் பார்த்தார். உப்பல் முகவரிக்கு மாற்றினால்தான் புது வீட்டுச் சாவி என்று எங்களை விரட்டியவரும் அவரேதான்.

"மீதி உப்பல் கதாம்மா" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். நீங்கள் உப்பல்காரர்களாயிற்றே, இந்த மதிலைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமென்றால் இந்த வட்டாரத்துக்காரர்கள்தான் வர வேண்டும் என்றார்.

அம்மா ஆதாரைத் திரும்ப வாங்கிக் கைப்பையில் வைத்தாள். வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நா இந்த ஊர்க்காரி இல்லன்னா, அந்தச் செவுத்துல நிக்கது யாராம்ட்டி?"