மாமி வரைந்த மோனாலிசா

அன்றைக்கு வராத கோபம் எனக்கு இன்றைக்கு வருகிறது. மாமியின் மேல் வருகிறது. அந்தப் படத்தின் முன்னால் நின்று சிரித்த அத்தனை பேர் மேலும் வருகிறது. எல்லாரையும் விட அதிகமாக, அப்போது ஒன்பது வயதாயிருந்த என் மேல் வருகிறது.

மாமி அப்பாவின் கடைசித் தங்கை. சின்ன வயதிலேயே ஜெர்மனிக்கு வந்து, ஸ்டுட்கார்ட்டில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கல்யாணம் கட்டி வந்தவர். பத்து வருடமாகியும் அவர் வாயில் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, ஏறவில்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவருக்காகப் பேசுவது நான்தான்.

அந்த வருடம் விசா நீட்டிக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அம்மாவின் புகைப்படத்தை இரண்டாம் முறையும் திருப்பித் தந்தாள்.

"சிரிக்கக் கூடாதாம்," என்றேன்.

"நான் எங்க சிரிச்சனான்? என்ர முகமே அப்பிடித்தானே," என்றார் அம்மா.

வீட்டில் இதைக் கேட்டு மாமி விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது அந்தப் புகைப்படத்தையும் கொண்டுபோனார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு பழைய தொழிற்சாலைக் கூடத்தில் மாணவர்களின் கண்காட்சி. குடும்பத்தோடு போனோம். நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு மோனாலிசா. அதே கைகள், பின்னால் அதே மலைகள். முகம் மட்டும் அம்மாவுடையது. நெற்றியில் பொட்டு, மேலுதட்டில் முறுக்கு மீசை, விரலிடுக்கில் வரிசை எண் சீட்டு, வாயின் குறுக்கே 'செல்லாது' என்று சிவப்பு முத்திரை.

"மோனாலிசாவுக்கு மீசை வைக்கிறது பழைய பகிடி," என்று மாமி என் காதில் சொன்னார். "பெரிய படமெண்டு கும்பிடுற ஆக்களைச் சீண்டத்தான்."

சனம் கூடிச் சிரித்தது. யாரோ அம்மாவை அடையாளம் கண்டு, படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். அம்மா நின்றார். மறுபக்கத்தில் நான் பெருமையோடு நின்றேன்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் அம்மா மாமியைப் பார்த்து வெடித்தார். "ஆரைக் கேட்டு என்ர முகத்தை எடுத்தனி?"

"இது உங்களைப் பற்றி இல்லை அண்ணி. அந்த ஒபீசைப் பற்றி."

"ஒபீஸ்காரர் வந்து பார்த்தால் ஆரின்ர முகத்தைப் பார்ப்பினம்? உனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

படத்தைக் கழற்ற ஏலாது என்று மாமி சொல்லிவிட்டார். அப்பா எழுந்து உடுப்பு மாற்றப் போனார்.

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்தக் கூடத்துக்குப் போனார். பொறுப்பாயிருந்த நரைத்த தலைக்காரர் முன்னால் என்னை நிறுத்தினார். "இது என்ர முகம். என்னைக் கேக்காமல் வரைஞ்சிருக்கு. இப்பவே கழட்டச் சொல்லு."

வெள்ளிக்கிழமை என் வகுப்பு முழுவதும் அந்தப் படத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. எல்லாரிடமும் பீற்றிவைத்திருந்தேன். ஆகவே அந்த மனிதரிடம் டொச்சில் சொன்னேன்: "அம்மாவுக்கு இந்தப் படம் நல்லாப் பிடித்திருக்கிறதாம். நன்றி சொல்ல வந்திருக்கிறார்."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். உள்ளே போய், சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னவாம்?"

"கழட்டுவினமாம். ரெண்டு நாள் செல்லுமாம்."

டிராம் தரிப்பிடத்தில் அம்மா அந்தத் தாளை விரித்தார். கண்காட்சியின் விளம்பரம். அதிலும் அதே முகம், அதே மீசை. அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை. தாளை நான்காய் மடித்துப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு அலுவலகத்துக்கும் கூட்டிப்போகவில்லை. சொல்ல வேண்டியதை அகராதி பார்த்து ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு, தனியாகவே போய்வந்தார். அம்மாவுக்கு டொச் வந்துவிட்டதாக்கும், இனி எனக்கு அந்த வேலை இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.